தாசில்தார் மண்ணுக்குள் இருக்கிறார்

ஏப்ரல் 8

மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் கிடந்த டைரியை இன்று தூசி தட்டி எடுத்திருக்கிறேன். காரணம் மூன்று நண்டுகள். என் தலையெழுத்து இப்படியும் வளையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

என் தம்பி நெல்லையப்பன் கப்பலில் இன்ஜினியர். இப்போது எந்தக் கடலில் மிதக்கிறான் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. அவன் மனைவி மெர்லினுக்கு இது ஐந்தாம் மாதம். நேற்றுப் பரிசோதனைக்குப் போனவளை டாக்டரம்மா வீட்டுக்கு விடவில்லை. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டாயிற்று; இனிப் பிரசவம் வரைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் இப்போது மிச்சம் இருப்பது நானும் அவள் வளர்க்கும் சங்கு நண்டுகளும்.

சங்கு நண்டு என்றால், காலிச் சங்கு ஒன்றுக்குள் பின்பாதி உடம்பைத் திணித்துக்கொண்டு, அதை முதுகில் இழுத்தபடியே அலையும் பிராணி. மெர்லின் முன்பு வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாய் வளர்ப்பவர்கள் உண்டு, கிளி வளர்ப்பவர்கள் உண்டு. முட்டை வாசனைகூட ஏறாத சைவப் பிள்ளை வீட்டில், என் தம்பியின் மேஜைமேல், கண்ணாடித் தொட்டியில், நண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாதாம். ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டுமாம். ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். அந்த உப்பும் சமையல் உப்பாக இருக்கக் கூடாது, அதற்குத் தனிப் பொட்டலம். மணல் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சொதசொதவென்று இருக்கக் கூடாது. சாப்பாட்டுக்குக் காய்ந்த கூனிப்பொடி.

"கூனிப்பொடின்னா?" என்று கேட்டேன்.

"சின்ன எறால் மைனி. காயவச்சு பொடிச்சது. டப்பா மேஜைக்குக் கீழ இருக்கு. மூக்கப் பொத்திக்கிட்டு ஒரு சிட்டிகை போட்டாப் போதும்."

மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டேன். பிறகு தலைக்குக் குளித்தேன்.

ஏப்ரல் 9

இரண்டு தடவை குளித்தேன்.

ஏப்ரல் 13

அலுவலகம் முடிந்து நேரே ஆஸ்பத்திரி. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. கரண்ட்டை நான்தான் என் கையால் நிறுத்துகிறேன் என்று நினைப்பு. மாடிப்படி ஏறுவதற்குள் வாட்ச்மேன், மருந்துக்கடைக்காரர், முன்பின் தெரியாத ஓர் ஆள் என்று வரிசையாகப் புகார்.

மெர்லின் கால்மாட்டை உயர்த்திய கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். துணைக்கு ஓர் ஆயாவை ஏற்பாடு செய்திருக்கிறேன். அவள் எந்த நேரமும் தூங்குகிறாள்.

"எப்படி இருக்கே? புள்ள அசையுதா?" என்று கேட்டேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அதப் பத்திப் பேச வேண்டாம் மைனி. முந்தி ரெண்டு தடவையும் பேசிக்கிட்டே இருந்தோம். பேரெல்லாம் பாத்தோம்."

போர்வையை இழுத்துவிட்டேன்.

"தாசில்தார் என்ன செய்றார்? அதச் சொல்லுங்க."

மூன்றில் பெரியதற்கு அந்தப் பெயர். தன் இஷ்டத்துக்குத்தான் வெளியே வரும், வந்தால் முதல் சாப்பாடு அதற்குத்தான் என்பதால் வைத்தாளாம். மற்ற இரண்டும் சுந்தரி, வெள்ளைச்சாமி. சங்கு வெளுப்பாக இருப்பதால் வெள்ளைச்சாமி. என்ன செய்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்றேன். சாப்பாட்டைத் தொடவில்லை, கண் மங்கலாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் தலையணையிலிருந்து எழப் பார்த்தாள். அதட்டிப் படுக்க வைத்தேன்.

"இன்னும் பாத்துச் சொல்லுங்க. தெனமும் சொல்லுங்க" என்றாள்.

ஆக, இனி நண்டை நான் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்த டைரி.

ஏப்ரல் 17

காலையில் தொட்டிக்குள் தாசில்தார் இல்லை.

மேஜைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், என் புடவை மடிப்புக்குள் எல்லாம் தேடினேன். வீட்டு வேலைக்கு வரும் இசக்கியம்மா துடைப்பத்தோடு கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டாள். "எங்கிட்டு வந்து கடிக்கும்னு தெரியலையே யக்கா" என்றாள். கடைசியில் தொட்டியின் மூலையில் மணல் குவிந்து கிடப்பதைப் பார்த்து மெர்லினுக்குப் போன் செய்தேன்.

அவள் குரல் இத்தனை நாளில் இப்படித் துள்ளியதில்லை. "மண்ணுக்குள்ள போயிட்டாரா? சட்டை உரிக்கப் போறார் மைனி."

"சட்டையா?"

"பாம்பு உரிக்கும்ல, அதுமாதிரி. மேல்தோல் முழுசையும் கழட்டிட்டுப் புதுசா வருவார். மாசக்கணக்கா ஆகும். தோண்டிப் பாக்கக் கூடாது, தொட்டிய நகத்தக் கூடாது. அப்ப உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். மத்த ரெண்டையும் ஒடனே வெளிய எடுத்திருங்க. தோண்டித் தின்னுரும்."

எடுப்பது யார்? இசக்கியம்மா கட்டிலை விட்டு இறங்க மறுத்துவிட்டாள். வெள்ளைச்சாமி சங்குக்குள் சுருண்டுகொண்டதால் பிரச்சினை இல்லாமல் அரிசி போடும் பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்கு இடம் மாறினான். சுந்தரி என் ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டாள். உதறினேன், விடவில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் நண்டு. அந்தப் பக்கம் மெர்லின், "உதறாதீங்க, குழாயில காட்டுங்க" என்கிறாள். தண்ணீரில் காட்டிய பிறகுதான் விட்டது.

எனக்கு ரத்தம் வருகிறது. அவளுக்குச் சிரிப்பு. சத்தம் போட்டே சிரித்தாள். சிரித்தால் தையலுக்கு ஏதாவது ஆகுமோ என்று மறுபடி போன் செய்து நர்ஸிடம் கேட்டேன். ஒன்றும் ஆகாதாம். அப்புறம் என்ன, நன்றாகச் சிரிக்கட்டும்.

ஏப்ரல் 18

விரல் வீங்கியிருக்கிறது. கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னேன்.

ஏப்ரல் 26

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தெருவே என் வாசலில். "ஆபீஸ்ல இருக்கிய, ஒரு போன் போடக் கூடாதா?" போட்டேன். என் சொந்த இலாகாவிலேயே யாரும் எடுக்கவில்லை.

தொட்டிக்குள் சூடேறினால் தாசில்தாருக்கு ஆகாது. ஈரத்துண்டை மேலே போட்டு, காய்ந்ததும் நனைத்து, மறுபடி போட்டு, பனையோலை விசிறியால் விசிறினேன். மண்ணுக்குள் படுத்திருக்கும் நண்டுக்கு விசிறுகிறேன். எனக்கு நாற்பத்தேழு வயது.

சாயங்காலம் நெல்லையப்பன் லைனில் வந்தான். பின்னணியில் இன்ஜின் சத்தம்.

"அக்கா, மெர்லின் நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"படுத்திருக்கச் சொல்றாங்க. நீ எப்ப வருவே?"

"கான்ட்ராக்ட் முடியாம எறங்க முடியாதுக்கா. ஆகஸ்ட் ஆயிரும். பாத்துக்கோக்கா."

பாத்துக்கோ. அப்பா போனபோதும் அதே வார்த்தை, அம்மா படுத்தபோதும் அதே வார்த்தை. இப்போது நண்டு வரைக்கும் வந்துவிட்டது.

மே 4

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். அது போதாதென்று எறும்பு.

அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால் தொட்டியைச் சுற்றி, மேஜைக்கால் நான்கிலும், இசக்கியம்மா எறும்புச் சாக்கட்டியால் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறாள். பூச்சி மருந்து பட்டால் நண்டு செத்துவிடும் என்று மெர்லின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எறும்பு உள்ளே போனாலும் செத்துவிடும். உடம்பு பஞ்சாக இருக்கும்போது எறும்பு மொய்த்துவிடுமாம்.

"யாரு ஒன்ன சாக்கட்டி போடச் சொன்னது?"

"நல்லதுக்குத்தானக்கா செஞ்சேன். வரிசையா ஏறுது. எங்க வீட்டு அரிசிப் பானைக்கு இதான் போடுவோம்."

"இது அரிசிப் பானையா?"

"அதவிடக் கேடு. அரிசின்னா பொங்கித் திங்கலாம்."

சோப்புத் தண்ணீரில் தரை, மேஜைக்கால் எல்லாவற்றையும் துடைத்தேன். ஈரத்துணியால் தொட்டியின் வெளிப்புறத்தை மட்டும், அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பிறகு நான்கு காலுக்கும் நான்கு கிண்ணத்தில் தண்ணீர். மேஜையைத் தூக்காமல் கால்களுக்கு அடியில் கிண்ணத்தை எப்படி நுழைப்பது? தூக்கத்தான் வேண்டும். இசக்கியம்மா ஒருபக்கம், நான் ஒருபக்கம், நெல்லளவு நெல்லளவாக. இடுப்பு பிடித்துக்கொண்டது.

மெர்லினிடம் எறும்பு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

மே 10

டாக்டரம்மா என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருக்கிறதாம், நீர் குறைவாக இருக்கிறதாம். டாக்டர்கள் என்றால் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். வார்டுக்கு வந்து, "எல்லாம் சரியா இருக்காம்" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். அவளுடைய அம்மா நாள் முழுக்க அவள் தலையைக் கோதுகிறாள், ஆரஞ்சு உரித்து ஊட்டுகிறாள், ஊர்க்கதை பேசுகிறாள். ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா? வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் மெர்லின் அந்தப் பக்கம் பார்க்கிறாள். நான் ஏற்கெனவே வந்தாயிற்று, நெல்லையப்பன் வர முடியாது. பின்னே யாரைப் பார்க்கிறாள்?

அவளுடைய அம்மா உவரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் தனியாக இருக்கிறாள். மாதா கோவிலில் தாலி கட்டாமல் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து மகளிடம் பேச்சில்லை. அது அவர்கள் பாடு. எனக்கென்ன.

மே 11

ஆரஞ்சு வாங்கிப் போனேன். உரிக்கத் தெரியாமல் சாறு முழுக்க அவள் நைட்டியில். "நான் சின்னப் புள்ளையா மைனி?" என்றாள்.

மே 17

தொட்டியில் வாடை.

கூனிப்பொடி வாடை எனக்கு இப்போது பழகிவிட்டது (இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது). இது வேறு. குனிந்து கண்ணாடி ஓரமாகப் பார்த்தேன். மணலுக்குள் சின்னக் குகை போல ஒரு பள்ளம். அதற்குள் இரண்டு கால்களும் ஒரு கொடுக்கும். அசைவில்லை. நிறம் வெளிறி, கழற்றிப்போட்ட பொம்மைக் கை மாதிரி கிடக்கிறது.

இசக்கியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"செத்துப் போச்சு யக்கா. தனியா கழண்டுல்லா கெடக்கு. தூக்கி வெளிய போட்டிருவமா?"

"கைய வைக்காத."

"பொறவு நாறிப் போயிருமே."

"நாறட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் மெர்லின் கேட்டாள். "மண்ணு அசையுதா மைனி?"

"அசையுது. நேத்தவிட நல்லாவே அசையுது" என்றேன்.

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "அப்ப சரி" என்றாள்.

மே 21

லீவு போட்டேன். காரணம் "சொந்த வேலை". மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருட வேலையில் எனக்குச் சொந்த வேலை இருந்ததில்லை.

நண்டுக்காகத்தான் போனேன். தாசில்தார் அளவில் ஒன்றைப் பிடித்துத் தொட்டியில் விட்டுவிட்டால் மெர்லினுக்குத் தெரியவா போகிறது? திருச்செந்தூரிலும் கடல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உவரி பஸ்தான் முதலில் வந்தது. திசையன்விளை தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கடற்கரையில் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். சங்கு நண்டுகள் இருந்தன. எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு. தாசில்தார் என் கைமுட்டி அளவு இருக்கும்.

தண்ணீர் தாகம். யார் வீட்டிலாவது கேட்கலாம் என்று ஊருக்குள் போனேன். போனதோடு ஒரு பெயரையும் விசாரித்தேன்.

அந்தோணியம்மாள் வீட்டு முற்றத்தில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மெர்லினுடைய நெற்றி, மெர்லினுடைய அதே முறைப்பு.

"யாரு?"

"மெர்லின் வீட்டுக்காரரோட அக்கா. காந்திமதி."

அவள் கை நிற்கவில்லை. மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "செத்துட்டாளா?"

"இல்ல."

"பொறவு என்ன சோலியா வந்திய?"

"நண்டு பிடிக்க."

அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். "என்னது?"

"சங்கு நண்டு. உங்க மக வளக்கா. ஒண்ணு செத்துப்போச்சு போல இருக்கு. அவளுக்குத் தெரியாம அதே மாதிரி ஒண்ணு வைக்கணும்."

"அது கடக்கரையிலல்லா கெடக்கு. இங்க எதுக்கு வந்திய?"

தண்ணீர் கேட்டேன். சொம்பில் கொடுத்தாள். குடித்தேன். நின்றுகொண்டே இருந்தேன். அவளும் போகச் சொல்லவில்லை.

"அவ ஆஸ்பத்திரியில இருக்கா" என்றேன்.

"என்னவாம்?"

"மாசமா இருக்கா. ஆறு முடிஞ்சிருச்சு. எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"தலச்சனா?"

"மூணாவது."

நெத்திலிக்குள் கை அப்படியே நின்றது. "மத்த ரெண்டும்?"

தலையை ஆட்டினேன்.

ஒரு நெத்திலியை எடுத்தாள், திரும்பப் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள். "ரெண்டு தடவையும் ஒருத்தர்கூட ஒரு சொல்லு சொல்லி விடலியே."

"அவதான் சொல்லக் கூடாதுன்னா. பாவப்பட்டு யாரும் வர வேண்டாம்னா."

"அவ அப்பன் புத்தி." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்று வைத்துக்கொள்வோம். "நான் மாதா முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன். அவ வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு."

"ஆஸ்பத்திரி வாசல் அவ வீட்டு வாசல் இல்லையே" என்றேன். விதிகளை வரிக்கு வரி படிப்பதுதான் என் வேலை.

அவள் எழுந்து நின்றாள். "நல்லா பேசுதிய ஆபீசரம்மா. வெயிலு ஏறதுக்குள்ள பஸ்ஸப் பிடிங்க."

வெறுங்கையோடு திரும்பினேன். காலெல்லாம் மணல். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். ஒருநாள் லீவு வீண்.

மே 22

இனி யார் வீட்டு விஷயத்திலும் தலையிடுவதாக இல்லை.

மே 26

ஞாயிற்றுக்கிழமை. காலையில் கேட் சத்தம். அந்தோணியம்மாள், ஒரு தோல்பையோடும் ஒரு தூக்குச்சட்டியோடும், கேட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறாள்.

"உள்ள வாங்க."

"சத்தியம் இருக்கு."

"வெயில்ல நிக்கிறீங்களே."

"நிக்கேன். நீங்க வந்து எந்த ஆஸ்பத்திரின்னு காட்டுங்க."

நான் குளித்து, புடவை மாற்றி, நண்டுகளுக்குத் தண்ணீர் மாற்றி வரும்வரை அங்கேயே நின்றாள். தெருவில் ஒவ்வொருவராக வந்து யார் என்று என்னிடம் கேட்கிறார்கள். மோர் கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே நின்றே குடித்தாள்.

ஆட்டோவில் தூக்குச்சட்டியை என் மடியில் வைத்துவிட்டாள். "சிந்தாம பிடிங்க. சாளை மீன் கொழம்பு." பள்ளம் வரும்போதெல்லாம் மூடி ஆடுகிறது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு என் புதுப்புடவையில். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வார்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். நான் உள்ளே போகவில்லை. காரிடாரில் மின்விசிறி ஒன்று கிரீச்சென்று சுற்றுகிறது, பேரிங் போயிருக்கும். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் பார்த்தேன். பிறகு எலக்ட்ரீஷியனைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 27

ஆயாவை நிறுத்தியாயிற்று. அம்மாக்காரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துவிட்டாள்.

ஜூன் 2

மாட்டிக்கொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் மெர்லின் கேட்டாள். "மைனி, நீங்க எங்க ஊருக்கு நண்டு பிடிக்கவா போனீங்க?"

அந்தோணியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். இந்தப் பெண்பிள்ளையிடம் ஒரு விஷயம் தங்குமா?

"சும்மா. காத்து வாங்கப் போனேன்."

"தாசில்தார் செத்துட்டாரா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "தெரியல. காலும் கொடுக்கும் தனியா கெடக்கு. ரெண்டு வாரமா அசையல. வாடை வேற."

அழுவாள், வலி வரும், நான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். அவள் அழவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் பேசுவதுபோலக் கேட்டாள். கால் உள்ளே கூடாகத் தெரிகிறதா, சதை தெரிகிறதா? வாடை மண்ணுக்குள்ளிருந்தா, மேலே இருந்தா?

"எனக்கு எப்படித் தெரியும்? தோண்டிப் பாத்திரவா?"

"கூடாது மைனி. அது கழட்டிப் போட்ட சட்டையாவும் இருக்கலாம். செத்திருந்தா செத்ததுதான், நாம ஒண்ணும் செய்ய முடியாது. உயிரோட இருக்கும்போது பொறுக்காம தோண்டிட்டோம்னா, நாம கொன்னதா ஆயிரும்."

"எத்தன நாளைக்குத்தான் சும்மா இருக்கது?"

"நான் இங்க சும்மாதான கெடக்கேன்."

பிடித்திருந்த கட்டில் விளிம்பை விட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். "இன்னொண்ணு. டாக்டர் சொல்றதுல பாதியத்தான் எங்கிட்ட சொல்றீங்க. நர்ஸு எழுதுறத நானே படிச்சுட்டேன், எடை கம்மின்னு. இனிமே முழுசாச் சொல்லுங்க. நான் தாங்குவேன். நீங்கதான் தாங்க மாட்டீங்கன்னு நெனச்சு நானும் கேக்காம இருந்தேன்."

வீட்டுக்கு வந்து தொட்டிக்குள் டார்ச் அடித்தேன். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் கூனிப்பொடி கொட்டிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. மணலில் கை படாமல் கரண்டியால் வழித்து எடுத்தேன். வாடை அதுதான். போட்டது யார் என்று கேட்டால், நான்தான்.

ஜூன் 8

ஒன்றும் இல்லை. மண். மண். மண்.

ஜூன் 14

காலையில் சாமி விளக்கு ஏற்றிவிட்டு வந்தால் மூலையில் மணல் சரிகிறது. தீப்பெட்டி கையில், அப்படியே நின்றுவிட்டேன்.

முதலில் மீசை இரண்டு. பிறகு கண்கள், மிளகு மாதிரிக் கறுப்பாக, பளபளவென்று. பிறகு கொடுக்கு. பழைய கொடுக்கு தேய்ந்துபோன சந்தன நிறம், இது ஊதா. சங்கு இப்போது அதற்குச் சின்னதாகத் தெரிந்தது. ஒவ்வொரு காலாகப் போட்டு, நடுநடுவே நின்று, தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் வந்தது. எனக்குப் பின்னால் இசக்கியம்மா எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. "சீவன் கெட்டிதான்" என்றாள், சத்தம் வராமல்.

பள்ளத்தில் கிடந்தது பழைய சட்டைதான். அதிலும் பாதியைத் தின்று தீர்த்திருக்கிறது. தான் கழற்றிப் போட்டதையே தின்றுதான் ஓடு கெட்டிப்படுமாம். அதனால் எடுக்கக் கூடாது. சரி, எடுக்கவில்லை. அது தின்னட்டும்.

அலுவலகத்துக்கு நேரம் தப்பிவிட்டது. மெர்லினிடம் போனில் சொன்னேன். அந்தோணியம்மாள்தான் போனை வாங்கினாள். "அவ அழுதா. நல்ல அழுகதான். வைங்க" என்றாள்.

மேலாளர் ஏன் தாமதம் என்று கேட்டார். பஸ் கிடைக்கவில்லை என்றேன். தாசில்தாரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

ஜூன் 20

அந்தோணியம்மாளோடு சண்டை. அவள் மீன்சாறு என்கிறாள், நான் பருப்பு ரசம் என்கிறேன். மெர்லின் இரண்டையும் குடித்துவிட்டு இருவரையும் வெளியே போகச் சொன்னாள். தலையணைக்கு ஒருபக்கம் அவள் வைத்த ஜெபமாலை, மறுபக்கம் நான் வைத்த விபூதிப் பொட்டலம். காரிடாரில் ஒரே பெஞ்சு. முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த மின்விசிறியை இன்னும் சரிசெய்யவில்லை.

ஜூன் 27

அலுவலகத்துக்குப் போன் வந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து துணி மட்டும் எடுத்தேன். போகிறேன்.

ஜூன் 30

மூன்று நாட்களாக ஆஸ்பத்திரியில்தான். இப்போதுதான் வீட்டுக்கு வந்து குளித்தேன்.

அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே நானும் அந்தோணியம்மாளும் அதே பெஞ்சில். அவள் முணுமுணுவென்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சுலோகமும் நினைவுக்கு வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பெண் குழந்தை. எடை மிகவும் குறைவு, மூச்சுக்கு உதவி வேண்டும் என்று தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதல் நாள் யாரையும் பார்க்க விடவில்லை. இரண்டாம் நாளும் "பொறுங்க" என்றார்கள். பொறுத்தோம். நேற்றுக் காலையில் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டதாக டாக்டரம்மா வந்து சொன்னார். "தானா மூச்சு விடுறா. இனி எடை ஏறணும், அவ்வளவுதான்."

சாயங்காலம் நர்ஸ் வெளியே வந்து, "மெர்லின் குழந்தைக்கு ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம். யாரு வர்றீங்க?" என்றாள்.

அந்தோணியம்மாள் எழுந்தாள். அம்மாவின் அம்மா, அவள்தானே போக வேண்டும். நான் நகர்ந்து வழிவிட்டேன். அவள் இரண்டு அடி போய்த் திரும்பி வந்து என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"நீ போ."

"நீங்க போங்க. நான் யாரு?"

"அத்தக்காரி. வேற யாரு? போளா, நர்ஸு காத்துக்கிட்டு நிக்கா."

உள்ளே சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னார்கள், பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். அங்கியின் நாடா அறுந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. பார்த்தேன். வெளியே வந்தேன். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அந்தோணியம்மாள் கேட்டாள். நான் நாடா அறுந்த அங்கியைக் கழற்றாமலே வந்து நின்றிருந்தேன். அவளே என்னை அணைத்தமாதிரி வார்டுக்குக் கூட்டிப்போனாள்.

மெர்லினால் இன்னும் நடக்க முடியாது; தையல் பச்சையாக இருக்கிறது. குழந்தையை அவள் இன்னும் பார்க்கவில்லை. எங்களைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

"பாத்தீங்களா மைனி?"

"பாத்தேன்."

"அவளப் பத்திச் சொல்லுங்க."

குழந்தையைப் பற்றிப் பேசச் சொல்லி அவள் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தேன். தலைமுடி உன்னுது மாதிரி அடர்த்தி. காது மடல் இன்னும் மடிஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. நெத்தி ஒங்க அம்மையோடது, முறைப்பும் அதேதான். தொப்பிய ஒரு பக்கமா இழுத்து விட்டிருந்தா, நர்ஸு நேராக்குனா, மறுபடியும் இழுத்துட்டா. பாதம் என் கட்டைவிரல் நீளம்கூட இல்ல. கொட்டாவி விட்டா, அதுக்கு உடம்பு பூரா சுருங்கி விரிஞ்சுது.

மெர்லின் கண்ணைக்கூட இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தோணியம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்றாள்.

"இரும்மா" என்றேன். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."